விடிந்துவிட்டது என்று சொன்னவர்கள்

மதீனாவின் பள்ளிவாசலில் அதிகாலையில் இருமுறை பாங்கு ஒலித்தது. இரவின் கடைசிப் பகுதியில் பிலால் (ரலி) அவர்கள் முதல் பாங்கைச் சொல்வார்கள். நோன்பு நோற்பவர்கள் அதைக் கேட்டு உண்பதை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாவது பாங்கு ஒலிக்கும்போதுதான் ஸஹர் நேரம் முடியும். அந்த இரண்டாவது பாங்கைச் சொன்னவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர் பார்வையற்றவர். பொழுது விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் தம்மிடம் வந்து சொல்லும்வரை அவர் பாங்கு சொல்லமாட்டார் என்று புகாரியின் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது.

ரமளான் வரும்போதெல்லாம் ஸஹர் நேரத்தின் சட்டத்தை விளக்குவதற்காக இச்செய்தி நமக்குச் சொல்லப்படுகிறது. அதற்குள் இன்னொரு செய்தியும் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. விடியலைக் கண்டு அறிவிக்கும் பணி, விடியலைக் காண இயலாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கண் தெரியாதவருக்கு இப்பணி எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். அச்சொல்லை நாள்தோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான துணை என்று இன்று நாம் அழைப்பதன் தொடக்கத்தை அவர்களிடம் காண்கிறோம்.

அந்தத் துணை பின்வந்த நூற்றாண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தேய்ந்தது, நம் தமிழ் மண்ணில் எந்த வரிசையில் வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் பார்க்கிறோம். இது பழம்பெருமை பேசுவதற்காக எழுதப்படுவதன்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையை மடியில் வைத்திருக்கும் உம்மாவும், பக்கவாதத்தில் விழுந்த வாப்பாவைத் தூக்கிப் படுக்கவைக்கும் மகனும், எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இன்றும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வரலாறு பயன்பட வேண்டும் என்பதே நம் நோக்கம்.

மதீனாவில் வழங்கப்பட்ட துணை

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ', இதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு இறங்கியது. மக்கத்துத் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே வந்து கேள்வி கேட்டதும், அதையொட்டி இறைவன் தன் தூதருக்கே அறிவுரை வழங்கியதும் நாம் அறிந்தவை. அதன் பின்னர் நபி (ஸல்) அவர்கள் மதீனாவைவிட்டு வெளியே செல்ல நேர்ந்தபோது, நகரின் பொறுப்பைப் பலமுறை அவரிடம் விட்டுச் சென்றார்கள். தொழுகை நடத்தும் பொறுப்பும் அதில் அடங்கும்.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நிலை வேறு. தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்திவந்த அவருக்குப் பார்வை மங்கியது. மழை பெய்தால் அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும். தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால், அந்த இடத்தையே தம் தொழுமிடமாக்கிக்கொள்வதாக அவர் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் அவர் வீட்டுக்குச் சென்று, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம் என்று அவருக்கு அனுமதி கிடைத்தது.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் துணை ஒரே வடிவில் அமையவில்லை. இளமையிலேயே பார்வையற்றிருந்தவருக்குப் பொறுப்பும் அதற்கான உதவியும் வழங்கப்பட்டன. பிற்காலத்தில் பார்வை மங்கியவரை நாடி உதவி வீட்டுக்கே சென்றது. நோயாளிக்கு வழிபாட்டின் முறையே தளர்த்தப்பட்டது. அவரவர் வாழ்க்கை எந்தக் கட்டத்தில் நின்றதோ, அதற்கேற்பத் துணையின் வடிவம் மாறியது.

வயதுக்கேற்ற உதவி என்னும் கருத்து அரசாட்சியிலும் விரைவிலேயே இடம்பெற்றது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் குழந்தைகளுக்கும் உதவித்தொகை வழங்கினார்கள்; தொடக்கத்தில் அது பால்குடி மறந்த பிறகே கிடைத்தது. ஓரிரவு நகர்வலம் சென்றபோது, விடாமல் அழும் ஒரு குழந்தையைக் கண்டு காரணம் கேட்டார்கள். உதவித்தொகை கிடைக்க வேண்டுமென்பதற்காகத் தாய் குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால்மறக்கச் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. மறுநாளே, பிறந்த குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அவர்கள் அறிவிக்கச் செய்தார்கள். உதவி தவறான வயதில் தொடங்கினால் அதுவே தீங்காகும் என்பதை அந்த இரவு உணர்த்தியது.

பதிவேடும் வழிகாட்டியும்

உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் கி.பி. 705 முதல் 715 வரை ஆட்சி செய்தார். தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஏற்படுத்தி, மக்களிடம் கையேந்த வேண்டாம் என்று அவர் கூறியதாகவும், நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தியதாகவும் தபரீ உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். அவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், பார்வையற்றோர், முடமானோர், நாட்பட்ட நோயுற்றோர் ஆகியோரின் பெயர்களை எழுதி அனுப்பும்படி ஷாம் நாட்டு நகரங்களுக்குக் கட்டளையிட்டார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. யார் எங்கே இருக்கிறார் என்று முதலில் அறிந்துகொள்வது, பிறகு உதவுவது. இந்த வரிசையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

முதுமையில் வரும் இயலாமையையும் அக்காலத்தவர் அறிவுலகைவிட்டு விலக்கும் காரணமாகக் கருதவில்லை. குர்ஆன் விரிவுரையின் முன்னோடியான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வையிழந்தார்கள். அவர்களிடம் பாடம் கேட்க வந்தோர் குறையவில்லை. மக்காவின் மார்க்கச் சட்ட அறிஞரான அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்குக் கால் ஊனம். ஒரு கை செயலற்றது. கடைசிக் காலத்தில் பார்வையும் போயிற்று. ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் அவர்களைச் சூழ்ந்து நின்றே தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் இப்பணியை வக்ஃபுகள் ஏற்றன. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கியும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் நிறுவிய மருத்துவமனைகள் வக்ஃபுச் சொத்துகளின் வருமானத்தில் இயங்கின. மனநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில், மனநோயாளிகளின் அறைகளுக்கு நடுவே நீரூற்று அமைந்த முற்றங்கள் இருந்தன. அக்கட்டடத்தின் பகுதிகள் நம் காலம்வரை நிலைத்து நின்றன.

வரலாற்றை முழுமையாகச் சொல்வதாயின் இதையும் சொல்லியாக வேண்டும். 1184இல் டமாஸ்கஸுக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், நூருத்தீனின் மருத்துவமனையில் மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததைக் குறித்துள்ளார். நீரூற்றும் சங்கிலியும் ஒரே நாகரிகத்தில்தான் இருந்தன. எதை நாம் மரபாக எடுத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

தனிமனிதத் திறமை நிறுவனமாக வளராமல் போனதும் உண்டு. சிறு வயதிலேயே பார்வையிழந்த ஸைனுத்தீன் ஆமிதீ என்னும் அறிஞர் பாக்தாதில் நூல் வணிகமும் செய்தார். காகிதத்தை முறுக்கி எழுத்து வடிவங்களாக்கி, நூல் அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதைத் தடவிப் பார்த்து விலையை அறிந்துகொள்வார். 1363இல் மறைந்த வரலாற்றாசிரியர் ஸஃபதீ, புகழ்பெற்ற பார்வையற்றோரின் வரலாறுகளைத் தொகுத்த 'நக்துல் ஹிம்யான்' என்னும் நூலில் இதை எழுதியுள்ளார். பிரான்சில் லூயி பிரெய்ல் தம் எழுத்து முறையை நூலாக வெளியிட்ட 1829ஆம் ஆண்டுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. நாம் பெருமையோடு மேடைகளில் இதைச் சொல்கிறோம். ஆனால் ஆமிதீயின் உத்தி அவரோடு நின்றுவிட்டது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க ஒரு பள்ளி எழவில்லை. பிரெய்லின் எழுத்துக்குப் பள்ளிகள் எழுந்தன. அதனால் அது உலகெங்கும் சென்றது. ஒருவரின் அறிவு, பலருக்கு நாள்தோறும் கிடைக்கும் சேவையாக மாற வேண்டுமானால், அதற்கு ஊரும் பொருளும் அமைப்பும் வேண்டும்.

தமிழ் மண்ணில் திறந்த வாசல்கள்

தமிழ்நாட்டில் இச்சேவைகள் வந்த வரிசையை நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. அவை மனித வாழ்வின் வரிசையில் வரவில்லை.

முதலில் வந்தவை பள்ளிகள். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்னும் கிறித்தவ ஊழியப் பெண்மணி பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில், அதே ஊரில், புளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தார். முஸ்லிம்கள் செறிந்து வாழும் மேலப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இவ்விரண்டும் எழுந்தன. பிற சமயத்தார் செய்த இந்நற்பணியை மனமாரப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. 1951இல் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் உருவானபோது, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஓர் எழுத்து முறை கிடைத்தது.

அடுத்து, விபத்தாலும் நோயாலும் முடங்கிய பெரியவர்களுக்கான வாசல் திறந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்ததில் அவருடைய பங்கு பெரிது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் ஆண்டாக அறிவித்த ஆண்டு அது. இவ்விருவரும் பிறருடைய துணையைப் பெற்றவர்கள். பெற்ற துணையை ஊருக்கே வாசலாக்கித் திறந்தவர்கள்.

சட்டங்கள் அதன் பிறகே வந்தன. 1995இல் நிறைவேறிய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. பெற்றோருக்குப் பின் பிள்ளையின் காப்பாளர் யார் என்னும் கேள்விக்கு விடையளிக்க, 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிறந்த குழந்தைகளிடம் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறியும் நாடு தழுவிய திட்டம் 2013இல்தான் தொடங்கிற்று. வீட்டைவிட்டு வர இயலாத முதியோரையும் நோயாளிகளையும் தேடிச்சென்று இயன்முறைச் சிகிச்சையும் வலித்தணிப்புச் சிகிச்சையும் வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

ஆக, பள்ளி முதலில் வந்தது. மழலைக்கான உதவியும் முதுமைக்கான உதவியும் கடைசியில் வந்தன. நம் குடும்பங்களின் பழக்கம் இன்னும் பழைய வரிசையிலேயே நிற்கிறது. பள்ளியில் சேர்க்கும் வயது வந்த பிறகே பிள்ளையின் குறைபாட்டுக்கு உதவி தேடத் தொடங்குகிறோம். அதற்குள் மிகுந்த பலன் தரக்கூடிய ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

ஏர்வாடியின் அதிகாலை

இவ்வரலாற்றில் நம் சமுதாயம் தலைகுனிந்து நினைக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் உயிரிழந்தனர். தர்காவின் பெயரை நம்பிப் பல ஊர்களிலிருந்தும் அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். பல சமயத்தவரும் அங்கே இருந்தனர்.

அதன் பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் இவ்விவகாரத்தைத் தானே முன்வந்து விசாரித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே, துஆவுக்கு வருவோர் மருந்தும் பெற்றுச் செல்லும் வகையில் அரசின் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது.

அந்த மனிதர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பெரும்பாலோருக்கு வேறு வாசல் தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனை எங்கே, மருந்து எவ்வளவு காலம், செலவு யார் பொறுப்பு என்று சொல்ல ஊரில் ஆளில்லை. மதீனாவில் பார்வையற்ற ஒருவருக்கு விடிந்ததைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஏர்வாடியில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு அந்த அதிகாலையில் அப்படி ஒருவரும் இல்லை. துஆ கேட்பது நம் நம்பிக்கை. மருந்தை நாடுவதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியே. ஒன்றைப் பற்றிக்கொள்வதற்காக மற்றொன்றைக் கைவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை.

வாழ்வின் வரிசையில் வாசல்கள்

வரலாறு எந்த வரிசையில் வந்திருந்தாலும், ஒரு குடும்பம் அவ்வாசல்களை வாழ்வின் வரிசையில் அறிந்திருக்க வேண்டும்.

மழலைப் பருவத்தில்: குழந்தை ஒலிக்குத் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கழுத்து நிற்கவில்லை என்றால், பேசவேண்டிய வயதில் பேசவில்லை என்றால், காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடியிலோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால், மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காதுகேளாக் குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதைச் சிறு வயதிலேயே செய்தால்தான் பேச்சு முழுமையாக வளரும். 'சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்' என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் ஆறுதல், சில பிள்ளைகளின் பேச்சையே பறித்துவிடுகிறது.

பள்ளிப் பருவத்தில்: மருத்துவக் குழுவின் சான்றும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் இப்பருவத்துக்குள் கையில் இருக்க வேண்டும். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால், 6 முதல் 18 வயதுவரை கட்டணமில்லாக் கல்வி சட்டப்படியான உரிமை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்தோ அருகிலோ இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமே இவற்றுக்கெல்லாம் முதல் படி. அட்டை பெற்றால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், அவளுடைய அக்காவுக்கு வரன் அமையாது என்று அஞ்சி அதை வாங்காமலிருக்கும் வீடுகள் நம்மில் உண்டு. மறைப்பதால் எந்தக் குறைபாடும் மறைந்ததில்லை. உரிமைகள்தாம் மறைந்து போயின.

பதினெட்டு வயதில்: இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், வாப்பாவும் உம்மாவும் சட்டத்தின் பார்வையில் தாமாகவே காப்பாளர்களாகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் நியமனம் பெற 1999ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. படிக்கவும் வேலைக்குச் செல்லவும் இயன்றவர்களுக்கு, அரசு உதவிபெறும் உயர்கல்வியில் 5 விழுக்காடும், அரசு வேலைவாய்ப்பில் 4 விழுக்காடும் இடங்களை 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்குகிறது.

நடுவயதிலும் முதுமையிலும்: இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், 2014இல் போலியோ ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் கால் சூம்பிய பிள்ளைகள் இன்று நடுவயதை அடைந்துவிட்டார்கள். அன்று ஊன்றுகோல் போதுமாயிருந்தவருக்கு இன்று சக்கர நாற்காலி தேவைப்படலாம். ஒருமுறை பெற்ற உதவி வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்று எண்ணாமல், புதிய தேவைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பக்கவாதத்தாலும் நீரிழிவாலும் இயலாமை வந்தவரும் மாற்றுத்திறனாளியே. 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் அவருக்கும் சான்றும் கருவியும் சிகிச்சையும் கேட்கலாம். இத்பான் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் நடந்து சென்றதை நினைத்தால், வீடு தேடிவரும் சிகிச்சை நமக்குப் புதியதாகத் தோன்றாது.

நமக்குப் பின் யார்?

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பெற்றவர்களின் தொழுகையில், மற்ற துஆக்களுக்கெல்லாம் முன்பாக ஒரு துஆ வந்து நிற்கும்: எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்? இக்கேள்விக்கு மார்க்கத்தில் விடை இருக்கிறது. அதை நாம் செயல்படுத்துகிறோமா என்பதே ஐயம்.

இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் உடற்குறையோ அறிவுக்குறையோ ஒருவரின் பங்கைக் குறைப்பதில்லை. பார்வையற்ற மகளின் பங்கு பார்வையுள்ள மகளின் பங்குக்குச் சமம். அறிவுசார் குறைபாடுள்ள மகனின் பங்கு அவன் அண்ணனின் பங்குக்குச் சமம். சொத்தை நிர்வகிக்கும் தெளிவு இல்லாதவர்களிடம் செல்வத்தை ஒப்படைத்துவிடாமல், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் வழங்கி, அவர்களிடம் கனிவாகப் பேசுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. காப்பாளர் நியமனம் பற்றிய மார்க்கச் சட்டங்கள் இவ்வடிப்படையில் வளர்ந்தவை. காப்பாளராக இருப்பவர் அச்சொத்துக்கு உடையவர் அல்லர். கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? 'அவனுக்கு எதற்குப் பங்கு? சாப்பாடு நாங்கள் போடுகிறோமே' என்று உடன்பிறந்தோர் பாகப்பிரிவினையை முடித்துவிடுகின்றனர். சாப்பாடு போடுவது நன்மை. ஆனால் அவன் பங்கை எடுத்துக்கொண்டு அவனுக்கே சாப்பாடு போடுவதற்கு அப்பெயர் பொருந்தாது. வாரிசுக்கு மற்ற வாரிசுகளின் இசைவின்றி வஸிய்யத் செய்ய இயலாது என்பதால், பிள்ளையின் கூடுதல் தேவைக்கு ஏற்பாடு செய்ய விரும்பும் பெற்றோர், தம் வாழ்நாளிலேயே என்ன செய்யலாம் என்பதை ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் ஒருசேரக் கலந்துகொள்ள வேண்டும். அண்ணன் தம்பிகளை உட்காரவைத்து இதைப் பேசவும் வேண்டும். மரணத்துக்குப் பின் பேசினால் அது வழக்காக மாறும்.

ஜமாஅத்தின் பதிவேடு

உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் முதலில் பெயர்களைக் கேட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். நம் பள்ளிவாசல்களில் திருமணப் பதிவேடு இருக்கிறது. சந்தாக் கணக்கு இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை தலைக்கட்டு என்பதை முத்தவல்லி அறிவார். மஹல்லாவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், எந்த வயதினர், எவரிடம் அடையாள அட்டை இல்லை, எவருக்கு உதவித்தொகை நின்றுபோயிற்று என்பதை எந்தப் பதிவேடு சொல்லும்?

ஒரு ஜமாஅத் செய்யக்கூடியது மிகச் சிறிது; அது மிகப் பெரிய பயன் தரும். ஒரு பதிவேடு தொடங்கலாம். படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக்கி, அரசின் மருத்துவச் சான்று முகாம் நடக்கும் நாளில் வண்டி ஏற்பாடு செய்து குடும்பங்களை அழைத்துச் செல்லலாம். விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். ஒளூச் செய்யும் இடத்தில் கைப்பிடியும், வாசலில் சாய்தளமும், உட்கார்ந்து தொழ நாற்காலியும் அமைக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஜுமுஆ உரையைக் காதுகேளாதோருக்காகச் சைகை மொழியில் பெயர்க்கும் பள்ளிவாசல் உண்டு. நம் மொழி பேசும் பள்ளிகளிலும் அது இயலாததன்று. பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில், குழந்தையின் வளர்ச்சிப் படிகளைப் பற்றி ஒரு மருத்துவரைப் பேசவைக்கலாம். குறைபாட்டை முதலில் காண்பவள் தாய்தான். அவள் காண்பதை நம்புவதற்கு வீட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாயிலில் கையேந்தி நிற்போரில் மாற்றுத்திறனாளிகள் சிலரை நாம் காண்கிறோம். நாணயம் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே செல்கிறோம். ஸதகாவின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மதீனாவில் பார்வையற்றவர் நின்ற இடம் வாயிலன்று. பாங்கு சொல்லும் இடம். அடுத்த ஜுமுஆவில், அவருடைய பெயர் என்ன, ஊர் எது, அட்டை இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா என்று கேட்க நம்மில் ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால், அவர் வாழ்வில் ஒரு வாசல் திறக்கக்கூடும்.

விடியலைத் தாமாகக் காண இயலாதவர்களிடம் சென்று, விடிந்துவிட்டது என்று சொன்ன அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் வரிசையில் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.